பாம்பு கடித்தபின் ரத்தம் உறையாமல் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஷப்பாம்புக் கடிக்குச் சிகிச்சை நடக்கும் இடங்களில் வார்டு வாசலில் நிற்கும் உறவினர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ரத்தத்தைக் கெடுக்கும் விரியன் கடிகளைப் பற்றியதே இந்தப் பக்கம். நரம்பைத் தாக்கும் விஷத்தைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறோம்.

இப்போது கடிபட்டவரை அருகில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் முதலில் 108க்குக் கூப்பிடுங்கள். பிறகு 4ஆம் கேள்வியைப் பாருங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

1. எந்தப் பாம்பு கடிச்சா ரத்தம் உறையாமப் போகும்?

தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு. ஒன்று கண்ணாடி விரியன். தடித்த பழுப்பு உடல், முதுகில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை முட்டைவடிவப் புள்ளிகள், கிட்டே போனால் உரத்த சீறல். வயல் வரப்பிலும் வைக்கோல் போரிலும் எலிக்காக வந்து கிடக்கும். இதைச் சின்ன மலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் பிடித்துக் கடிபட்டவர்கள் உண்டு. மற்றொன்று சுருட்டை விரியன். ஒன்றரை இரண்டு அடிதான் இருக்கும். வறண்ட, கல்லும் மணலும் கலந்த நிலங்களில் வாழும். உடலை மடித்து மடித்துச் செதில்களை உரசி ரம்பம் அறுப்பதுபோல ஓசை எழுப்பும்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் கேரளத்திலும் இலங்கையிலும் கூர்மூக்குக் குழிவிரியன் என்ற சிறிய பாம்பு உண்டு. அதன் கடியாலும் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடும். சிகிச்சையில் அது ஏன் தனிச் சிக்கல் என்பதை 16ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

கட்டுவிரியன் இந்த வகை இல்லை. அதன் விஷமும் நல்ல பாம்பின் விஷமும் நரம்பைத் தாக்குபவை. அந்தக் கடிகளில் ரத்தம் வழக்கம்போல உறையும், ஆனால் மூச்சு நின்றுபோகும்.

2. ரத்தம் தண்ணியாகிடும்னு சொல்றாங்களே, உள்ளே உண்மையில என்னதான் நடக்குது?

பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, விஷம் முதலில் ரத்தத்தை உறையவைக்கிறது. கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள நொதிகள் ரத்தத்தின் உறைவுக் காரணிகளில் ஐந்தாவதையும் பத்தாவதையும் தூண்டிவிடும். சுருட்டை விரியன் விஷம் இன்னும் குறுக்குவழியில், புரோத்ராம்பின் என்ற உறைவுப் புரதத்தையே நேராகத் தூண்டும். இரண்டின் முடிவும் ஒன்றுதான்: உடல் முழுக்க ஒரே நேரத்தில் நுண்ணிய உறைகட்டிகள் உருவாகி உடனே கரைகின்றன. அந்த ஓட்டத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் செலவழிந்து தீர்ந்துவிடுகிறது. நல்ல உடல்நிலையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 200 முதல் 400 மில்லிகிராம் இருக்க வேண்டிய பொருள் அது. கடுமையான கடியில் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அதன்பின் எங்கே காயம் பட்டாலும் ரத்தத்தை நிறுத்தச் சரக்கில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விஷத்தில் உள்ள வேறு சில நொதிகள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரை அரிக்கின்றன. உறையாத ரத்தம், அரிக்கப்பட்ட குழாய் இரண்டும் சேரும்போதுதான் ஈறு, சிறுநீர், மூளை என்று ரத்தம் கசிகிறது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் என்பது மருத்துவத்துக்கு வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. 1934இல் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர், ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாத பிறவிக் கோளாறு உள்ளவர்களின் ரத்தக்கசிவை நிறுத்த அதை நீர்த்து, காயத்தின் மேல் தடவிப் பார்த்தார்கள். இன்றும் ஓர் ரத்தப் பரிசோதனைக்கு ஆய்வகங்களில் அதே விஷம்தான் பயன்படுகிறது.

3. கடிச்ச இடத்துல பெரிசா வீக்கமே இல்ல, ஆளு நல்லாப் பேசுறாரு, டீ கூடக் குடிச்சாரு. அப்ப விஷம் ஏறலதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: ரத்தம் முற்றிலும் உறையாத நிலையிலும் ஒருவர் எழுந்து நடக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோனால் வலிக்காது, மயக்கம் வராது. குழாய்ச் சுவர் எங்காவது விடும்வரை வெளியே எதுவும் தெரியாது. விடுகிற இடம் மூளையாக இருந்தால் அதன்பின் செய்ய அதிகமில்லை.

கண்ணாடி விரியன் கடியில் பெரும்பாலும் வலியும் வீக்கமும் உண்டு. ஆனால் வீக்கத்தின் அளவை வைத்து ரத்தத்தின் நிலையைக் கணிக்க முடியாது. அதைப் பரிசோதனைதான் சொல்லும் (7ஆம் கேள்வி). வெளியே தெரியக்கூடிய அடையாளங்கள் இவை: கடிவாயில் நிற்காத கசிவு, ஊசி குத்திய இடத்தில் கசிவு, பல் துலக்காமலே ஈறில் ரத்தம், சிவந்த அல்லது கறுத்த சிறுநீர், கறுப்பு மலம், ரத்த வாந்தி. தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மூளையில் கசிவோ என்று உடனே சந்தேகப்பட வேண்டும்.

4. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள நாங்க என்ன செய்யணும்?

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கை அல்லது காலில் கடித்திருந்தால் எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு கட்டையோ மடித்த அட்டையோ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் செய்யுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கைக்கடிகாரம், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வீக்கத்தில் மெட்டி புதைந்துவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வண்டி கிடைக்காவிட்டால் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடிப்பவருக்கும் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். 108க்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட அது மேல்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மிளகாய் தின்னக் கொடுப்பது, சுடுவது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் வேண்டாம். இவற்றில் கீறுவது மிக மோசம். உறையாத ரத்தம் உள்ளவருக்கு நீங்கள் போடும் கீறல் ஆஸ்பத்திரி வரும்வரை கசிந்துகொண்டே இருக்கும்.

5. கடிவாய்க்கு மேல கயித்தால இறுக்கிக் கட்டிட்டோம். அவிழ்க்கலாமா?

கட்டியிருக்கவே வேண்டாம். விரியன் கடியில் இறுக்கிக் கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கித் தசையை அழிக்கும், கட்டுக்குக் கீழே ரத்தம் ஓடாமல் கையோ காலோ போய்விடும். விஷம் உடலில் ஏறுவதை அது நம்பகமாகத் தடுப்பதும் இல்லை.

ஆனால் கட்டி நேரமாகிவிட்டது என்றால் வழியில் சட்டென்று வெட்டி எறியாதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உள்ளே பாயலாம். ஆஸ்பத்திரியில் சிரையில் ஊசி ஏற்றி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள். பல கட்டுகள் போட்டிருந்தால் ஒவ்வொன்றாக.

6. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரணுமா? எந்தப் பாம்புன்னு தெரிஞ்சாதானே மருந்து?

வேண்டாம். இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சிகிச்சையைத் தொடங்குவது பாம்பின் பெயரை வைத்து அல்ல, உடலில் தெரியும் அறிகுறியையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து. தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் உதவும், அதற்காகத் தேட வேண்டாம். அடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது நடக்கிற கதை. செத்ததாகத் தெரியும் பாம்பின் தலையும் அனிச்சையாகக் கடிக்கும்.

7. ஒரு குழாயில ரத்தத்தை எடுத்து வெச்சுட்டு இருபது நிமிஷம் சும்மா இருக்காங்க. அந்த நேரத்துல மருந்து போடலாமே?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. விரியன் கடிக்கான மிக முக்கியமான பரிசோதனை அதுதான். சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக்குழாயில் விட்டு, அறை வெப்பத்தில் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக அடியில் நின்றால் உறைகிறது. சுவரோடு வழிந்து ஓடினால் உறையவில்லை, மருந்து தொடங்க வேண்டும். மின்சாரமோ ஆய்வகமோ இல்லாத இடத்திலும் நடு இரவிலும் செய்ய முடிவதுதான் இதன் பெருமை.

இருபது நிமிடத்துக்குள் குழாயை எடுத்து எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் உருவாகிவரும் உறைகட்டி உடைந்து முடிவு தவறிவிடும். உறவினர்களே ஆர்வத்தில் குழாயைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். வெளிப்படையாக ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கும், இமை தொங்குபவருக்கும், ரத்த அழுத்தம் விழுந்தவருக்கும் இந்த இருபது நிமிடத்தைக்கூடக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள்.

8. எங்க சுகாதார நிலையத்துல பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கு. அதுல பார்த்தா என்ன?

முடிவை நம்ப முடியாது. கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தொடங்கிவைக்கும் தூண்டுகோல்: பன்னிரண்டாவது காரணி கண்ணாடியைத் தொட்டதும் விழித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கில் அது நடப்பதில்லை. நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், நீங்கள் தேவையில்லாமல் பத்துக் குப்பி மருந்தை ஏற்றிவிடுவீர்கள்.

சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் இதே தவறு நேரும். மிச்சமிருக்கும் சோப்புப் படலம் கண்ணாடியின் வேலையைக் கெடுக்கிறது. ஈரமான குழாயும் ஆகாது. குழாயின் மேல் சந்தேகம் வந்தால் அதே பெட்டியிலிருந்து இன்னொரு குழாயில், ஆரோக்கியமான ஒருவரின் 2 மில்லி ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் உறையாவிட்டால் கோளாறு குழாயில்தான். விஷக்கடிக்கென்று பத்துப் புதிய கண்ணாடிக் குழாய்களைத் தனியாக எடுத்து, மருந்துக் குப்பிகளோடு சேர்த்தே வைத்துவிடுவது நல்ல பழக்கம். பரிசோதிக்கும் நேரத்தில் தேட நேரமிருக்காது.

9. முதல் டெஸ்ட்ல ரத்தம் நல்லா உறைஞ்சிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கூடாது. கடித்து அரை மணி நேரத்தில் வந்தவருக்கு ஃபைப்ரினோஜன் தீர இன்னும் நேரம் ஆகவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். முதல் மூன்று மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 24 மணி நேரம் வரை பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இன்னொன்று, இந்தக் குழாய்ப் பரிசோதனை கடுமையான குறைபாட்டைத்தான் நன்றாகக் காட்டும். லேசான குறைபாடு அதில் நழுவிவிடும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ஆய்வகத்தில் அளக்கும் பிடி (PT), ஐஎன்ஆர் (INR) பரிசோதனை வசதி இருக்கும் இடத்தில் அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

உறைந்துவிட்டது என்றால் விஷம் இல்லை என்றும் அர்த்தமில்லை. 1ஆம் கேள்வியில் சொன்ன கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும். விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்கத் தொடங்கியவருக்குக் குழாய்ப் பரிசோதனை சரியாக இருப்பது எந்த ஆறுதலும் இல்லை.

10. எங்க ஊர்ல பச்சிலை வைத்தியத்துலயே பிழைச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே?

இருக்கிறார்கள், உண்மைதான். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை: சாரை, தண்ணீர்ப் பாம்பு, ஓநாய்ப் பாம்பு. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தைச் செலுத்தாமல் கடித்துவிட்டுப் போகும். இவர்கள் எல்லாரும் எதைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள். ரத்தத்தில் கலந்த விஷத்தைக் கட்டும் மருந்து விஷமுறிவு மருந்து ஒன்றுதான். ஊர் வைத்தியரின் மேல் மதிப்பு இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அவரிடம் கழியும் இரண்டு மணி நேரம்தான் சிறுநீரகம் கெடும் நேரம். வைத்தியர்களே கடிபட்டவரை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் ஊர்களில் உயிர்கள் மிஞ்சுகின்றன.

11. பத்து பாட்டிலா? அஞ்சு வயசுக் குழந்தைக்கும் பத்தா?

ஆமாம். மருந்தின் அளவு ஆளின் எடையைப் பொறுத்தது அல்ல, பாம்பு செலுத்திய விஷத்தைப் பொறுத்தது. பாம்பு குழந்தை என்று குறைத்துக் கடிப்பதில்லை. கணக்கு இதுதான்: கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, ஆகவே 6 மில்லிகிராம். பத்துக் குப்பிக்கு 60. தொடக்க அளவாக 8 முதல் 10 குப்பி என்று வைத்திருப்பதன் காரணம் இதுவே.

குழந்தைக்கு மாறுவது மருந்தைக் கலக்கும் திரவத்தின் அளவு மட்டும்: பெரியவர்களுக்கு 250 முதல் 500 மில்லி சலைன், குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. மொத்தத்தையும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். செவிலியர்களுக்கு ஒரு சொல்: குப்பியில் இருப்பது உலர்ந்த பொடி. 10 மில்லி வடிநீர் விட்டபின் குலுக்கினால் நுரை பொங்கி மருந்து வீணாகும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகச் சுழற்றுங்கள். பத்துக் குப்பி கரைய நேரம் பிடிக்கும், இரண்டு பேர் சேர்ந்து செய்வது நல்லது. கடிவாயைச் சுற்றி இந்த மருந்தை ஊசியால் குத்துவதில் பயனில்லை, சிரையில்தான் ஏற்ற வேண்டும். முன்கூட்டித் தோலில் குத்தி ஒவ்வாமை சோதிப்பதும் வேண்டாம். யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதை அந்தச் சோதனை சொல்வதில்லை, நேரம்தான் போகும்.

12. மருந்து ஏத்த ஆரம்பிச்சதும் உடம்பெல்லாம் தடிச்சு அரிக்குது, மூச்சு வாங்குது. நிறுத்திடலாமா?

தற்காலிகமாக நிறுத்த வேண்டும், கைவிடக் கூடாது. இந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது, ஒவ்வாமை வருவது அரிதல்ல. தடிப்பு, அரிப்பு, இருமல், வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு என எது தெரிந்தாலும் சொட்டை நிறுத்தி, அட்ரினலின் 0.5 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அட்ரினலின் ஊசியில் ஏற்றப்பட்டுக் கட்டிலருகே தயாராக இருந்த பிறகுதான் முதல் சொட்டு போக வேண்டும். ஒவ்வாமை அடங்கியதும் மெதுவாகத் தொடங்கி மீதி மருந்தையும் ஏற்றிமுடிப்பார்கள். பாதியில் விட்டால் முறியாத விஷம் அப்படியே இருக்கும்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் மட்டும் வந்தால் அது வேறு வகை. பாரசிட்டமாலிலும் கம்பளியிலும் அடங்கும்.

13. மருந்து முழுசா போட்டு மூணு மணி நேரமாச்சு, ரத்தம் இன்னும் உறையல. இன்னொரு டோஸ் ஏன் போட மாட்டேங்கறாங்க?

விஷத்தை முறிப்பதும் ரத்தம் உறைவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவதை மருந்து செய்கிறது, கொஞ்ச நேரத்தில் முடிகிறது. இரண்டாவதைச் செய்ய வேண்டியது கல்லீரல். தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனையும் மற்றக் காரணிகளையும் அது புதிதாக உற்பத்தி செய்து ரத்தத்தில் விட ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேண்டும். அதற்கு முன்னால் எத்தனை குப்பி ஏற்றினாலும் உறைதல் முந்திக்கொண்டு வராது. அதனால்தான் முதல் அளவு முடிந்து ஆறு மணி நேரம் கழித்து 7ஆம் கேள்வியில் சொன்ன பரிசோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். அப்போதும் உறையாவிட்டால் இன்னும் முறிக்கப்படாத விஷம் இருக்கிறது என்று பொருள், அடுத்த அளவு போடப்படும்.

மருந்து வேலைசெய்வதற்கு இதைவிட முந்திய ஓர் அடையாளம் உண்டு: ஈறிலும் கடிவாயிலும் கசிந்த ரத்தம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நின்றுவிடும். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கும்போதே கசிவு நிற்பது ஏன் என்றால், ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் நொதிகளை மருந்து உடனே கட்டிவிடுகிறது.

14. இந்த மருந்துக்குப் பதிலா நல்ல ரத்தம் ஏத்தினா போதாதா? இல்லன்னா வைட்டமின் கே?

விஷம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரத்தமோ, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவோ ஏற்றுவது எரியும் அடுப்பில் விறகு வைப்பதுதான். புதிதாக வரும் ஃபைப்ரினோஜனையும் விஷம் செலவழித்துவிடும். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகு, உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தால், அல்லது அவசர அறுவை தேவைப்பட்டால் பிளாஸ்மா கொடுப்பதற்கு இடமுண்டு. அதிக ரத்தம் போயிருந்தால் ரத்தம் ஏற்றுவார்கள்.

வைட்டமின் கே இங்கே பயன்படாது, ஏனென்றால் இது அந்த வைட்டமின் குறைவால் வந்த கோளாறு இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் கூடாது. நுண்கட்டிகள் உருவாவதைத் தடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் விஷம் உருவாக்கும் ஓட்டத்தை அது நிறுத்துவதில்லை, கசிவைத்தான் கூட்டும்.

15. டிடி ஊசி போடல, வலிக்குன்னு கேட்டா ஊசியும் போடல. கவனிக்காம விட்டுட்டாங்களா?

வேண்டுமென்றேதான் தள்ளிவைக்கிறார்கள். ரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிப் பெரிய வீக்கமாகும். டிடி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசியை ரத்தம் உறையத் தொடங்கியபின் போடலாம், அவசரமில்லை. 12ஆம் கேள்வியில் சொன்ன அட்ரினலின் மட்டும் விதிவிலக்கு, அங்கே உயிர் போகும் ஆபத்து எதிரே நிற்கிறது.

வலிக்குப் பாரசிட்டமாலோ, தேவைப்பட்டால் டிரமடாலோ தருவார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது. இவை தட்டணுக்களின் வேலையைக் குறைத்துக் கசிவைக் கூட்டும், முதல் இரண்டும் ஏற்கெனவே அடிவாங்கிய சிறுநீரகத்தை இன்னும் வாட்டும். வரும் வழியில் மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை இதயத்துக்காக முன்பிருந்தே எடுத்துவருபவர்கள் பழைய ஐஎன்ஆர் சீட்டையும் கொண்டுவந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

16. இருபது முப்பது குப்பி போயாச்சு, இன்னும் உறையல. மருந்து போலியா?

முதலில் குழாயைச் சந்தேகியுங்கள் (8ஆம் கேள்வி). அடுத்து, கடித்த பாம்பு இந்த மருந்துக்கு உட்பட்டதா என்று யோசிக்க வேண்டும். கூர்மூக்குக் குழிவிரியன் விஷத்தை நமது நான்கு பாம்பு மருந்து முறிப்பதில்லை. மலையோரத் தோட்டத்திலோ ரப்பர் காட்டிலோ கடிபட்டு, கடிவாயில் கொப்புளமும் வீக்கமும் இருந்து, மருந்துக்குப் பதில் இல்லை என்றால் இந்தப் பாம்பை நினைக்க வேண்டும். அங்கே மேலும் மேலும் மருந்து ஏற்றுவது ஒவ்வாமையைத்தான் கூட்டும். பொதுவாக ரத்தம் உறையாமைக்கு 30 குப்பியைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது காரணம், ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறும். இந்திய மருந்துத் தயாரிப்புக்கான விஷத்தில் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர்களின் திறமையால் ஒரு நாடே பிழைக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இங்கே பிடித்த பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, ராஜஸ்தானின் சுருட்டை விரியனுக்கு எதிராகப் பலம் குறைந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் கடிபட்டவர்களுக்கு இந்த விஷயத்தில் ஓரளவு நல்லகாலம்.

17. ரத்தம் உறைய ஆரம்பிச்சிடுச்சுன்னாங்க. ஆனா மூத்திரம் சரியாப் போகல. ஏன் இன்னும் அனுப்பாம வெச்சிருக்காங்க?

கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் சரியாவது பாதிக் கிணறு. நுண்கட்டிகள், ரத்த அழுத்தக் குறைவு, விஷத்தின் நேரடித் தாக்குதல் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகலாம். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் 400 மில்லிக்குக் கீழே போனால் ஆபத்து. ஆகவே ஒரு அளவுக் குவளையை வைத்து ஒவ்வொரு முறையும் அளந்து, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். உறவினர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

கெட்ட சிறுநீரகத்தை மேலும் விஷமுறிவு மருந்து மீட்காது. டயாலிசிஸ் தேவைப்படலாம். பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தானாகத் தேறிவிடும், பயந்து சிகிச்சையை விட்டுப் போகக் கூடாது. தாடைக்கருகே இரு பக்கமும் கன்னம் உப்புவதும், கண்வெள்ளை நீர்கோத்து வீங்குவதும் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும் கடுமையான நிலையின் அடையாளம் அது.

18. கால் கல்லு மாதிரி வீங்கிடுச்சு. உடனே கிழிச்சு விடணும்னு ஒருத்தர் சொல்றார்.

ரத்தம் உறையாத நிலையில் கிழித்தால் அந்த வெட்டிலேயே உயிர் போகலாம். விரியன் கடியில் வீக்கம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தோலுக்கடியில்தான் இருக்கும். தசை உறைக்குள் அழுத்தத்தைக் கருவியால் அளந்து, அது 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டி, ரத்தம் உறைவதும் சரியான பிறகே அறுவை பற்றிப் பேசலாம்.

19. கடிபட்டது நிறைமாசக் கர்ப்பிணி. மருந்து குழந்தையைப் பாதிக்காதா?

பாதிப்பது விஷம்தான். நஞ்சுக்கொடிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து குழந்தை இறப்பதும் கருச்சிதைவும் நேரலாம். மற்றவர்களுக்குத் தரும் அதே அளவு மருந்தை, தயங்காமல், உடனே தர வேண்டும். மகப்பேறு மருத்துவரும் கூட இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சரி, ஆனால் முதல் அளவைத் தொடங்கிவிட்டு அனுப்ப வேண்டும். இது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படும் யாருக்கும் பொருந்தும்.

20. நேத்து டெஸ்ட் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு மறுபடியும் ஈறுல ரத்தம். புதுசா என்ன ஆச்சு?

கடிவாயில் தங்கியிருந்த விஷம் மெல்ல மெல்ல ரத்தத்தில் இறங்குகிறது, அதற்குள் ஏற்றிய மருந்தின் அளவு குறைந்துவிடுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து இப்படி மறுபடியும் உறையாமல் போவது தெரிந்த விஷயமே. ஒருமுறை உறைந்ததும் பரிசோதனையை நிறுத்திவிடாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்வது இதற்காகத்தான். மறுபடி உறையாவிட்டால் மறுபடி மருந்து.

21. வீட்டுக்கு வந்தாச்சு. இனி எதைக் கவனிக்கணும்?

முதல் இரண்டு வாரத்துக்குள், பெரும்பாலும் ஒரு வாரம் கழிந்து, காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு, நெறி கட்டுதல் வந்தால் அது மருந்துக்கு உடல் காட்டும் தாமதமான எதிர்வினை. சில நாள் மாத்திரையில் அடங்கும், விஷம் திரும்பவில்லை. பல் பிடுங்குவது, சிறு அறுவை போன்றவற்றை ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதை உறுதி செய்தபின் வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் கேள்வியில் சொன்ன வலிமாத்திரைகளைச் சிறுநீரகப் பரிசோதனை சரியாகும்வரை தொடாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவர் சொன்ன நாளில் பார்த்துவிடுங்கள்.

பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் தகவல் தர வேண்டும். உங்கள் கடி பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை குப்பி அனுப்புவது என்பதைத் திட்டமிட இந்தப் பதிவுகள் வேண்டும்.

22. கடிச்சு மாசக்கணக்காச்சு. எப்பவும் அசதி, குளிர் தாங்கல, மாதவிலக்கு நின்னுபோச்சு. இதுக்கும் பாம்புக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். கண்ணாடி விரியன் கடியில் சிலருக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தோ கட்டியோ சுரப்பி கெட்டுவிடும். கடித்த வாரத்திலேயே காரணம் தெரியாத தாழ்ந்த ரத்த அழுத்தமாகவும் சர்க்கரைக் குறைவாகவும் இது வெளிப்படலாம். மாதங்களும் வருடங்களும் கழித்து அசதி, அக்குள் முடி உதிர்தல், ஆண்களுக்கு ஆசைக்குறைவு என்றும் தெரியலாம். காலையில் எடுக்கும் கார்டிசால், தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் பரிசோதனைகள் இதைச் சொல்லிவிடும், குறைந்த ஹார்மோனை மாத்திரையாக எடுத்துக்கொண்டு இயல்பாக வாழலாம். மருத்துவரிடம் போகும்போது பழைய விரியன் கடியைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அதை யாரும் கேட்கப்போவதில்லை.